ஐம்பது காசின் மதிப்பு: மலாயாவுக்குப் புறப்பட்ட தமிழ்த் தொழிலாளரும் கூலி, விலை, வரி ஒப்பீடும்

முன்னுரை

ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்ல எண்ணும் ஒருவர் முதலில் போடும் கணக்கு நாம் அனைவரும் அறிந்ததே. அங்கு என்ன சம்பளம், வெள்ளியின் மாற்று விகிதம் என்ன, அறை வாடகை எவ்வளவு, சேமநிதிக்கும் வரிக்கும் எவ்வளவு போகும், மாத இறுதியில் வீட்டுக்கு எவ்வளவு மிஞ்சும் என்ற ஐந்து கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே அவர் பாலத்தைக் கடக்கிறார். மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்றாக மாற்றப்பட்ட ஏற்பாடு 1973 இல் முடிவுற்றதிலிருந்து இந்தக் கணக்கில் மாற்று விகிதமே முதலிடம் பெற்றுவிட்டது.

இதே கணக்கை நூறு ஆண்டுகளுக்கு முன் நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ கப்பலுக்குக் காத்திருந்த நம் முன்னோர் போட்டனரா என்ற வினாவை நம் வரலாற்று நூல்கள் அதிகம் எழுப்புவதில்லை. கங்காணியின் ஆசை வார்த்தையில் மயங்கிக் கப்பல் ஏறியவர்கள் என்றே அவர்களைச் சித்திரித்துப் பழகிவிட்டோம். இலங்கைக்குச் சென்றவர்களைப் பற்றி, தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என நம்பிச் சென்றனர் என்று சொல்வதும் இவ்வகையைச் சார்ந்ததே. ஏமாற்று நடந்தது உண்மை, அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஏமாற்றப்பட்டவர் என்ற ஒரு சொல்லுக்குள் பல இலட்சம் மக்களின் அறிவை அடக்கிவிடுவது வரலாற்று நியாயம் ஆகாது.

கூலியையும் விலைவாசியையும் வரியையும் ஒப்பிடும் வேலை அக்காலத்தில் மிக நுட்பமாகவே நடந்தது. ஆனால் அதனை எழுத்தில் செய்தவர்கள் அதிகாரிகளும் முதலாளிமார் குழுக்களுமே. அவர்கள் கேட்ட கேள்வி, ஒரு கூலியாள் உயிர்வாழ எவ்வளவு போதும் என்பது. கூலியாள் கேட்ட கேள்வி, ஊருக்கு எவ்வளவு அனுப்ப முடியும் என்பது. இவ்விரு கணக்குகளுக்கும் இடையிலுள்ள தொலைவை 1908 முதல் 1941 வரையிலான காலப்பகுதியை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரி

முதலில் வரியைப் பார்ப்போம். பண்ணையாளாக இருந்த நிலமற்ற தொழிலாளி சென்னை மாகாணத்தில் நேர்முக வரி எதுவும் செலுத்தியவர் அல்லர். உப்பு வரி ஒன்றே அவரை எட்டியது. 1923 இல் அவ்வரி மணங்கு ஒன்றுக்கு 2 ரூபாய் 8 அணாவாக இரட்டிப்பாக்கப்பட்டு, மறு ஆண்டே பழைய 1 ரூபாய் 4 அணாவுக்குத் திரும்பியது. சிறுநிலம் வைத்திருந்த குடியானவரின் நிலை வேறு. மழை பொய்த்த ஆண்டிலும் கிஸ்தி பணமாகக் கட்டப்பட வேண்டும். அதற்குக் கடன், கடனுக்கு வட்டி, வட்டிக்கு நிலம் என்று படிப்படியாக இறங்கியவர்களும் கப்பலேறியவர்களுள் இருந்தனர். ஆகவே பிறந்த ஊரில் வரி என்பது ஒருவரை வெளியே தள்ளும் காரணமாகவும் இருந்திருக்கிறது, பொருட்படுத்தத் தேவையற்ற ஒன்றாகவும் இருந்திருக்கிறது. அது அவர் வைத்திருந்த காணி நிலத்தைப் பொறுத்தது.

போய்ச் சேரும் நாடுகளில் வரியின் முகம் பலவாறாக இருந்தது. கீழ்ப் பர்மாவில் தலைவரி உண்டு. குடும்பத்தவருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், மணமாகாதவருக்கு 2 ரூபாய் 8 அணா. நேட்டாலில் நிலைமை கொடியது. ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியர் அங்கேயே தங்க விரும்பினால் ஆண்டுக்கு 3 பவுன் வரி செலுத்த வேண்டும் என 1895 இல் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் 1903 இல் அது 16 வயதுக்கு மேற்பட்ட ஆண் பிள்ளைகளுக்கும் 13 வயதுக்கு மேற்பட்ட பெண் பிள்ளைகளுக்கும் விரிக்கப்பட்டது. ஒப்பந்தக் கூலியாளுக்கு முதலாண்டு மாதச் சம்பளம் 10 ஷில்லிங். 3 பவுன் என்பது 60 ஷில்லிங். அதாவது ஆறு மாத உழைப்பு வரியாகவே போய்விடும். வரி வருவாய் இதன் முதல் நோக்கம் அன்று. தங்க நினைப்பவரை மீண்டும் ஒப்பந்தத்துக்குள்ளோ கப்பலுக்குள்ளோ தள்ளுவதே நோக்கம். 1913 ஆம் ஆண்டுப் போராட்டமும், சிறைவாசத்தால் நோயுற்று 1914 பிப்ரவரியில் மறைந்த தில்லையாடி வள்ளியம்மையின் தியாகமும் நாம் அறிந்தவை. அவ்வாண்டிலேயே அவ்வரி நீக்கப்பட்டது. ஆயினும் அதற்கு முன்பே, 1911 இல், நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவதை இந்திய அரசு நிறுத்திவிட்டது.

இவற்றோடு ஒப்பிட, மலாயாவுக்குச் செல்பவரின் தலைமீது எந்த வரியும் இல்லை. 1907 இல் இயற்றப்பட்டு மறு ஆண்டு முதல் செயற்பட்ட குடிநுழைவு நிதிச் சட்டத்தின்கீழ், இந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த ஒவ்வொரு முதலாளியும் வேலை நாட்களின் கணக்குப்படி ஒரு தீர்வை செலுத்தினார். அந்நிதியிலிருந்தே தொழிலாளியின் கப்பற் கட்டணம் கொடுக்கப்பட்டது. எனவே, சட்டப்படி அவர் பினாங்கில் இறங்கும்போது பயணக் கடன் எதுவும் இல்லாதவராகவே இறங்கினார். இலங்கையில் 1921 வரை நிலவிய துண்டு முறையோடு இதனை வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே தொழிலாளியின் கடன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதப்பட்டு, அவர் தோட்டம் மாறும்போது அவரோடு சேர்ந்தே கைமாறியது.

எனினும் நிதியைச் செலுத்தியவர் முதலாளி என்பதால் அதன் பாரம் முழுவதும் அவர்மேல் விழுந்தது என்று கொள்வது சரியன்று என்பது என் கருத்து. ஓர் ஆளை வரவழைக்க ஆகும் செலவை முதலாளி எப்போதும் அந்த ஆளின் கூலியோடு சேர்த்தே கணக்கிட்டார். கூலியை நிர்ணயித்த பேச்சுகளில் இந்தத் தீர்வையும் ஒரு வாதமாகவே நின்றது.

மறைமுக வரி வேறு வழியாக வந்தது. மலாயாவில் போர்க்காலத்தை ஒட்டிய சில ஆண்டுகள் நீங்கலாக, வருமான வரி என்பது 1947 வரை இல்லை. அதனைக் கொண்டுவர முயன்ற போதெல்லாம் வணிகரும் தோட்ட முதலாளிகளும் எதிர்த்தனர். அரசின் கருவூலம் அபினி, மது, புகையிலை ஆகியவற்றின் மீதான வருவாயிலும் ஏற்றுமதித் தீர்வைகளிலும் நின்றது. மேலே இருந்தவர் தம் வருமானத்துக்கு வரி கட்டவில்லை. பால்மரம் வெட்டியவர், மாலையில் குடித்த கள்ளிலும் மென்ற புகையிலையிலும் வரி கட்டினார். புறப்படுமுன் எந்தக் கங்காணியும் இதனைச் சொல்லியிருக்க முடியாது. சொல்லியிருந்தாலும் அது வரி என்று யாருக்கும் தோன்றியிராது.

காசும் சதமும்

1920களின் இறுதியில் மலாயாவில் எளிதில் சென்றடையத்தக்க தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிர்ணயிக்கப்பட்டது. ஏறத்தாழ அதே வேளையில், 1927 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இலங்கையில் குறைந்தபட்சக் கூலி வகுக்கப்பட்டு 1929 இல் நடைமுறைக்கு வந்தது. மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், இடைநாட்டில் 52, தாழ்நாட்டில் 50. எண்களை மட்டும் பார்த்தால் இலங்கையே மேல் என்று தோன்றும். இரண்டும் நூறில் ஒரு பங்கு. இரண்டையும் ஆங்கிலத்தில் ஒரே பெயரால்தான் அழைத்தனர். ஆனால் இலங்கையின் சதம் ரூபாயில் நூறில் ஒன்று. மலாயாவின் காசு நீரிணைக் குடியேற்ற வெள்ளியில் நூறில் ஒன்று.

இங்கே சிறிது கணக்குப் போட வேண்டியுள்ளது; வாசகர் பொறுத்தருள்க. நீரிணை வெள்ளியின் மதிப்பு 1906 இல் 2 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது 28 பென்ஸ் என நிலைநிறுத்தப்பட்டது. முதல் உலகப் போருக்கு முன் ரூபாயின் மதிப்பு 16 பென்ஸ். எனவே ஒரு வெள்ளி ஒன்றே முக்கால் ரூபாய். ரூபாய்க்கு 16 அணா என்பதால் அன்று ஒரு பென்ஸ் ஓர் அணாவுக்குச் சமம்; 50 காசு என்பது சரியாக 14 அணா. 1927 இல் இந்திய அரசு ரூபாயை 18 பென்ஸ் என்று சட்டப்படி உயர்த்தி நிறுத்தியது. அம்மாற்றத்தின்படி 50 காசின் மதிப்பு ஏறக்குறைய 12½ அணா. இலங்கை மலைநாட்டின் 54 சதமோ 9 அணாவுக்கும் சற்றுக் குறைவு. ஆகவே எண் சிறியதாயினும் மலாயாவின் கூலி நான்கு அணா அளவுக்கு மேலானது.

இந்த ஒப்பீட்டில் ஒரு நுட்பம் உண்டு. இலங்கையில் ஈட்டியவர் ரூபாயில் ஈட்டி ரூபாயில் அனுப்பினார். மாற்று விகிதம் அவரைத் தொடவில்லை. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் போக்குவரத்துத் தொடங்கிய பின் ஊர்ச் சாவுக்கும் கலியாணத்துக்கும் போய்வருவதும் கூடுவதாயிற்று. மலாயாவுக்குச் சென்றவருக்குக் கடலும் பெரிது, நாணயமும் வேறு. மாதம் 5 வெள்ளி ஊருக்கு மணியார்டர் அனுப்பிய ஒருவரை நினைத்துக்கொள்வோம். 1914 இல் அந்த 5 வெள்ளி ஊரில் 8 ரூபாய் 12 அணாவாகப் போய்ச் சேர்ந்தது. போருக்குப்பின் வெள்ளி விலை ஏறியதால் ரூபாயின் மதிப்பு உயர்ந்து, 1919 டிசம்பரில் 28 பென்ஸைத் தொட்டது. அப்போது ஒரு வெள்ளிக்கு ஒரே ரூபாய். அதே 5 வெள்ளி ஊரில் 5 ரூபாய்தான். பின்னர் 18 பென்ஸில் நிலைத்தபோது அது 7 ரூபாய் 12 அணா அளவில் நின்றது. தோட்டத்தில் அவருடைய உழைப்பு மாறவில்லை, கூலிச் சீட்டில் எழுதிய எண்ணும் மாறவில்லை. லண்டனிலும் தில்லியிலும் எடுக்கப்பட்ட ஒரு முடிவு, தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் அடைபட வேண்டிய கடனை ஒரு மாதம் தள்ளிப் போட்டது. கடன் ரூபாயில் இருந்தது என்பதை மறந்துவிடலாகாது.

ரூபாயை 18 பென்ஸில் நிறுத்தியது குறித்து இந்தியாவில் எழுந்த பெரும் விவாதம் ஆலை முதலாளிகளையும் பருத்தி விவசாயிகளையும் பற்றியதாகவே பெரிதும் அமைந்தது. கடல்கடந்து சம்பாதித்தவரின் மணியார்டரில் ஒன்பதில் ஒரு பங்கு கரைந்தது அவ்விவாதத்தில் பெற்ற இடம் மிகச் சிறிது.

அரிசி

நாணயத்துக்கு அடுத்தது அரிசி. தஞ்சையில் பண்ணையாளின் கூலி பெரும்பாலும் நெல்லாகவே அளக்கப்பட்டது. அது குறைவான கூலி. ஆனால் விலை ஏறினாலும் இறங்கினாலும் மரக்கால் மரக்கால்தான். மலாயாவில் கூலி நாணயமாகக் கிடைத்தது. அது பெரிய விடுதலை என்பதில் ஐயமில்லை, ஏனெனில் நாணயத்தைக் கையில் வைத்திருப்பவர் மிராசுதாரின் களத்தை நம்பியிருக்க வேண்டுவதில்லை. ஆனால் அதே வேளையில் விலை ஏற்றத்தின் முழுச் சுமையும் அவர் தலையில் இறங்கியது. இவ்விரண்டையும் எடைபோடாமல் நெற்கூலியையும் காசுக் கூலியையும் நேராக ஒப்பிடுவது தவறான முடிவுக்கே இட்டுச் செல்லும்.

இத்தவற்றை உணர்த்த 1919 ஆம் ஆண்டைவிடச் சிறந்த சான்று இல்லை. மலாயா தன் தேவைக்கான அரிசியில் பெரும்பகுதியைப் பர்மா, சயாம், இந்தோசீனா ஆகிய நாடுகளிலிருந்து இறக்குமதி செய்தது. 1918 இல் இந்தியாவில் பருவமழை பொய்த்தது. பர்மா அரிசி இந்தியாவுக்குத் திருப்பப்பட்டது. சயாமும் தன் ஏற்றுமதியைத் தடுத்தது. மலாயாவில் 1919 முதல் 1921 வரை அரசே அரிசியைக் கொள்முதல் செய்து பங்கீடு செய்ய வேண்டியதாயிற்று. பல தோட்டங்கள் வாங்கிய விலைக்குக் குறைவாகத் தம் தொழிலாளருக்கு அரிசி விற்றன. காடு திருத்திய இடங்களில் மரவள்ளியும் கேழ்வரகும் நடப்பட்டன. வெள்ளிக்கு ஒரு ரூபாய் என்று மாற்று விகிதம் சரிந்ததும் இதே காலத்தில்தான். ஒரு பக்கம் சோற்றுச் செலவு ஏறியது, மறுபக்கம் அனுப்பிய பணம் சுருங்கியது. கப்பலேறும்போது போட்ட எந்தக் கணக்கும் இவ்விரண்டும் ஒருங்கே வரும் என்று எதிர்பார்த்திருக்காது.

இலங்கையில் 1929 ஆம் ஆண்டின் ஏற்பாடு இந்த இடத்தில் சற்று மேம்பட்டதாகத் தோன்றுகிறது. அங்கே குறைந்தபட்சக் கூலியோடு, தோட்டம் வழங்கும் அரிசியின் விலையும் புசலுக்கு 6 ரூபாய் 40 சதம் என்று நிர்ணயிக்கப்பட்டது. மலைநாட்டு ஆணுக்கு ஒரு புசல் அரிசி என்பது ஏறத்தாழ 12 நாட்கூலி. இது மலிவு என்று சொல்வதற்கில்லை. ஆனால் கூலியும் அரிசியும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டன என்பது கவனிக்கத்தக்கது. மலாயாவில் அம்முடிச்சு போடப்படவில்லை. கூலி ஒரு குழுவின் கையிலும் அரிசி சந்தையின் கையிலும் இருந்தன.

அதிகாரிகளின் வரவுசெலவுப் பட்டியல்

1922 ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பின், மலாயாவில் தொழிலாளருக்குப் போதுமான கூலி கிடைக்கிறதா என்பதை இந்திய அரசு தன் முகவர் மூலம் கண்காணிக்கத் தொடங்கியது. அதன் விளைவாக இந்தியக் குடிநுழைவுக் குழு பகுதி பகுதியாக விசாரணை நடத்தி நிலைக்கூலியை வகுத்தது. அரிசி, பருப்பு, கறிச்சரக்கு, எண்ணெய், கருவாடு, துணி, கம்பளி, பாத்திரம் போன்றவற்றின் உள்ளூர் விலையைத் திரட்டி, ஒருவருக்கு மாதத்துக்கு இவ்வளவு என்று கூட்டி, வேலை நாட்களால் வகுத்து நாட்கூலியைக் கண்டனர். நார்மன் பார்மர் உள்ளிட்டோரின் ஆய்வு மரபு இக்குழுவின் அரசியலை விரிவாகப் பேசியுள்ளது. நான் இங்கே பட்டியலின் எண்களுக்குள் மட்டும் நிற்க விரும்புகிறேன்.

பகாங்கின் உட்பகுதிகளுக்கு ஆணுக்கு 58 காசும் பெண்ணுக்கு 46 காசும் வகுக்கப்பட்டன. சிலாங்கூர் கடலோரத்தைவிட ஆணுக்கு 8 காசு கூடுதல். காரணம் வெளிப்படை. குவந்தானுக்கு இரயில் இல்லை. வடகிழக்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் கிழக்குக் கரைத் துறைமுகங்களுக்குக் கப்பல் வருவது அரிது. அரிசி மூட்டை மத்திய மலைத் தொடரைக் கடந்து வந்தாக வேண்டும். ஒவ்வொரு மைலுக்கும் அரிசியின் விலை ஏறும்.

அப்படியாயின் கிள்ளானில் இருப்பவர் 8 காசுக்காகப் பெந்தோங்குக்குப் போகலாமா? குழுவின் கணக்குச் சரியானால் போவதில் பயனில்லை. ஏனெனில் 8 காசும் அரிசிக்கும் சாமானுக்கும் போய்விடும். கூடுதல் கூலி என்பது இங்கே ஊதியம் அன்று, ஈடு மட்டுமே. ஆனால் தொழிலாளி தம் வயிற்றைக் குறைத்துக்கொள்ளத் துணிந்தால் கணக்கு மாறும். 58 காசுக்கு வேலை செய்து, 50 காசுக்காரர் உண்பதையும் உண்ணாமல் இருந்தால் ஊருக்குக் கூடுதலாக அனுப்பலாம். வாழ்க்கைச் செலவு என்று அதிகாரி எழுதியதைத் தொழிலாளி குறைத்துக்கொள்ளக்கூடிய ஒன்றாகவே பார்த்தார். உடல் அதற்கு ஈடு கொடுத்தது.

பட்டியலில் இடம்பெறாத ஒரு செலவும் உண்டு. அது காய்ச்சல். மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் 1901 முதல் கிள்ளானில் வடிகால் வெட்டிச் சதுப்பு நிலக் கொசுக்களை ஒழித்தார். கடலோரத் தோட்டங்கள் நலம் பெற்றன. மலையடிவாரத்துப் புதுத் தோட்டங்களில் நிலைமை எதிர்மாறானது. அங்கே காடு வெட்டப்பட்டு வெயில் பட்ட தெளிந்த ஓடைகளில்தான் மலேரியாவைப் பரப்பும் வேறொரு வகைக் கொசு பெருகியது. மருந்து இலவசம் என்று சட்டம் சொன்னது. ஆனால் பெரட்டுக்கு வராத நாளுக்குக் கூலி இல்லை. மாதம் நான்கு நாள் காய்ச்சலில் படுத்தால் 58 காசுக்காரர் இழப்பது 2 வெள்ளி 32 காசு. இருபத்து நான்கு வேலை நாட்களில் கிடைக்கும் 8 காசுக் கூடுதலின் மொத்தமே 1 வெள்ளி 92 காசுதான்.

இப்போது பெண்களின் கூலிக்கு வருவோம். 50க்கு 40, 58க்கு 46. பொருளாதார மந்தத்தில் 1930 இல் கூலி குறைக்கப்பட்டபோது 40க்கு 32. 1938 இல் 45க்கு 36. ஒவ்வொரு முறையும் பெண்ணின் கூலி ஆணின் கூலியில் ஐந்தில் நான்கு பங்கு. பகாங்கில் மட்டும் முழுக்காசாக்கியதால் இம்மி குறைகிறது. கடல் தாண்டி இலங்கைக்குச் சென்றாலும் இதுவே காட்சி: 54க்கு 43, 52க்கு 41, 50க்கு 40. அங்கே பிள்ளைகளின் கூலியும் 32, 31, 30 என ஆணின் கூலியில் ஐந்தில் மூன்று பங்கை ஒட்டியே நிற்கிறது.

இந்த எண்களை அடுத்தடுத்து எழுதிப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட ஐயம் இது. பெண்ணின் உணவு, துணி, பிற தேவைகள் ஆகியவற்றின் விலை இடத்துக்கு இடம் உண்மையாகவே திரட்டப்பட்டிருந்தால், குளிர்ந்த நுவரெலியாவிலும் வெப்பமான கிள்ளானிலும், செழிப்பான 1928 இலும் மந்தமான 1930 இலும் விடை ஒன்றாகவே வர வாய்ப்பில்லை. கம்பளியின் விலை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். அரிசியின் விலையிலும் பால் வேறுபாடு இல்லை. எனவே பெண்ணின் கூலி விசாரணையிலிருந்து பிறந்தது அன்று. முன்பே முடிவு செய்யப்பட்ட ஒரு பின்னத்திலிருந்து பிறந்தது என்றே கொள்ள வேண்டும். பால்மரம் வெட்டுவதில் ஆணின் நிரைக்கும் பெண்ணின் நிரைக்கும் மரம் ஒன்றே. வாழ்க்கைச் செலவு அறிவியல் முறையில் கணிக்கப்பட்டது என்ற கூற்று குறைந்தது பாதித் தொழிலாளர் அளவிலாவது மறு ஆய்வுக்குரியது. கணவனும் மனைவியுமாகச் சென்ற குடும்பத்துக்கு நாள் வருமானம் 90 காசு என்று கங்காணி கிராமத்தில் கணக்குச் சொல்லியிருப்பார். அக்குடும்பத்தின் முதல் குழந்தை பிறக்கும்வரை அது உண்மையாகவும் இருந்திருக்கும்.

கப்பற்றுறையில் நின்றவர்கள்

தொழிலாளி இவற்றையெல்லாம் எவ்வாறு அறிந்தார்? ஏடுகள் வழியாக அன்று. கங்காணி ஒருவர் ஊருக்கு வந்தால் அவர் சொல்லை மட்டும் யாரும் கேட்கவில்லை. அவர் அணிந்திருந்ததையும், சென்ற முறை அவரோடு போனவன் வீட்டுக்கு மணியார்டர் வந்ததா என்பதையும், திரும்பி வந்தவர் உடம்பு எப்படி இருந்தது என்பதையும் ஊர் பார்த்தது. 1926 இல் மலாயாவுக்கு வந்த தென்னிந்தியர் 1,70,000க்கும் மேற்பட்டோர். இரப்பர் விலை உயர்ந்திருந்த ஆண்டு அது. 1930க்குப் பின் விலை வீழ்ந்தபோது உதவிப் பயணம் நிறுத்தப்பட்டது. ஒரு இலட்சத்துக்கும் மேலானோர் திருப்பி அனுப்பப்பட்டனர். 1934 இல் கட்டுப்பாட்டுடன் மீண்டும் திறந்துவிட்டபோது நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது. உதவிப் பயணம் பெற்றவர்களுள் கங்காணி சேர்த்துக் கொண்டுவந்தவர்களைவிடத் தாமாகவே முகாமுக்கு வந்து பயணம் கேட்டவர்களே மிகுந்திருந்தனர். யாரும் ஆசை காட்டி அழைத்துவராத மக்கள் அவர்கள். இங்கு நான்கு ஆண்டு மந்தத்தைக் கண்டு திரும்பியவர்களின் வாய்மொழி அவர்கள் கிராமங்களில் இருந்தது. அதனைக் கேட்ட பின்னரே புறப்பட்டனர். அவர்களை அறியாதவர் என்று சொல்ல என்னால் இயலவில்லை. ஊரில் கிடைத்தது அதைவிடக் குறைவு என்பதுதான் அவர்கள் கணக்கின் கடைசி வரி.

வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி 1936 இறுதியில் மலாயாவுக்கு வந்து தோட்டங்களைப் பார்வையிட்டு, 1937 இல் வெளியிட்ட அறிக்கையில் கூலியை மந்தத்துக்கு முந்திய 50, 40 காசுக்கு மீட்க வேண்டும் என்றும், கங்காணி வழி ஆட்சேர்ப்பைக் கைவிட வேண்டும் என்றும் பரிந்துரைத்தார். தொழிலாளர் குடிபெயர்வைத் தடுக்கத் தேவையில்லை என்பதும் அவர் முடிவு. அப்போது தோன்றியிருந்த மலாயா மத்திய இந்தியச் சங்கத்துக்கு அவ்வறிக்கை நிறைவளிக்கவில்லை. கூலி 50, 40க்கு உயர்ந்தது. ஓராண்டு சென்றதும், 1938 மே மாதம், இரப்பர் உற்பத்திக் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டி அது 45, 36 ஆகக் குறைக்கப்பட்டது. மேலும் குறைக்கவும் பேச்சு நடந்தது. 1938 ஜூன் 15 முதல் உதவி பெற்ற தொழிலாளர் குடிபெயர்வுக்கு இந்திய அரசு தடை விதித்தது. முப்பது ஆண்டு ஏற்பாடு ஒன்று 5 காசில் முறிந்தது. அந்த 5 காசின் மதிப்பு அன்று ஓர் அணாவும் மூன்று பையும்.

தடைக்குப்பின் இங்கிருந்த தொழிலாளரின் ஒப்பீடும் மாறியது. புதியவர்கள் வருவது நின்றதால் தஞ்சைக் கூலியோடும் இலங்கைச் சதத்தோடும் ஒப்பிடுவதற்குத் தேவை குறைந்தது. பக்கத்துத் தோட்டத்தில் அதே மரத்தை அதே கத்தியால் சீவி, ஒப்பந்த வேலையில் கூடுதலாக ஈட்டிய சீனத் தொழிலாளியின் கூலியே அளவுகோலாயிற்று. 1941 இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் முதலியோரின் வழிகாட்டலில் எழுந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் சீனருக்கு இணையான கூலி வேண்டும் என்பது முன்னின்றது. பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவம், துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழித்தல் ஆகியவையும் அவற்றுள் இருந்தன. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டு, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

அக்கோரிக்கைப் பட்டியலில் மற்றொன்றும் இருந்தது. தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது அது. இதனை ஒழுக்கச் சீர்திருத்தமாகவே பெரும்பாலோர் எழுதியுள்ளனர். கூலியாக வந்த காசில் ஒரு பகுதி அன்று மாலையே திரும்பிப் போன வாசலும் அதுவே. வேறு எந்த வரியையும் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை.